ஒதெல்லோவும் ஒரு கைக்குட்டையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவென்றால் சிறுவர் நடனமும் பாட்டும், முடிவில் விருந்தும் இருக்கும். இடையில் ஒருவர் எழுந்து இலக்கியம் பேசுவார். அவர் எப்போது அமர்வார் என்று சமையற்கட்டுப் பக்கம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு அந்த இடையூறு செய்யும் பேறு எனக்குக் கிட்டியிருக்கிறது. ஆகவே சுருங்கச் சொல்ல முயல்வேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம். தமிழ்ச் சங்கத்தில் ஆங்கில நாடகம் எதற்கு என்று சிலர் எண்ணக் கூடும். நாம் குடியேறி வாழும் இந்தக் கொல்கத்தா நகருக்கும் இந்நாடகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1848ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்நகரின் சான் சூசி அரங்கில் வைஷ்ணவ சரண் ஆட்டியா என்ற வங்காள இளைஞர், ஆங்கிலேய நடிகர்களுக்கு நடுவே ஒதெல்லோவாக மேடையேறினார். கருநிற வீரனாக நடிக்க வெள்ளையர் முகத்தில் மை பூசிக்கொண்ட காலத்தில், மை வேண்டாத ஒருவர் அந்த வேடத்தை ஏற்றது சிறிய செயலன்று. பின்னர் 1961இல் வந்த ‘சப்தபதி’ என்ற வங்கப் படத்திலும் இந்நாடகத்தின் இறுதிக் காட்சி இடம்பெற்றது. நம் தமிழிலோ, அ. மாதவையா இதனை ‘உதயலன்’ என்ற பெயரில் நாடகமாக்கினார். 1963இல் வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசன் ஒதெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் தோன்றிய காட்சியை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1604ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், லண்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் இந்நாடகம் நடிக்கப்பெற்றதாகக் குறிப்பு உண்டு. கதையின் மூலம் ஷேக்ஸ்பியருடையதன்று. 1565இல் இத்தாலியில் சிந்தியோ என்பார் வெளியிட்ட கதைத் தொகுதியில் உள்ளது. அந்தக் கதையில் தளபதிக்குப் பெயரே இல்லை. ‘மூர்’ என்ற இனப்பெயர் மட்டுமே உண்டு. பெயரற்றவனுக்கு ஒரு பெயரும், அப்பெயருக்குள் ஓர் உள்ளமும் அளித்தவர் ஷேக்ஸ்பியர்.

கதைச் சுருக்கம்

அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். வெனிஸ் குடியரசின் தளபதி ஒதெல்லோ, அயல்நாட்டிலிருந்து வந்த கருநிறத்தவன், பெரு வீரன். அந்நகரத்துப் பெருமகனாகிய பிரபான்சியோவின் மகள் டெஸ்டிமோனா அவனுடைய துன்பக் கதைகளைக் கேட்டு மனம் இழந்து, தந்தை அறியாமல் அவனை மணக்கிறாள். துருக்கியர் படையெடுப்பைத் தடுக்க இருவரும் சைப்ரஸ் தீவுக்குச் செல்கின்றனர். துருக்கியரின் கப்பல்களைப் புயலே அழித்துவிடுகிறது. போர் இல்லை. வெளிப்பகை ஒழிந்த அந்த நேரத்தில்தான் உட்பகை தலை தூக்குகிறது.

ஒதெல்லோவின் கீழ்ப் பணிபுரியும் இயாகோ, தனக்குக் கிடைக்கவேண்டிய துணைத்தளபதிப் பதவி காசியோவுக்குப் போய்விட்டதே என்று புழுங்குகிறான். காசியோவுக்கு மது ஊட்டி, சண்டையில் இழுத்துவிட்டு, அவன் பதவியைப் போக்குகிறான். பிறகு அவனிடமே சென்று, டெஸ்டிமோனாவிடம் முறையிடு, அவள் சொன்னால் தளபதி கேட்பார் என்று நல்லவன்போல் யோசனை கூறுகிறான். அவளும் இரக்கத்தால் காசியோவுக்காகப் பரிந்து பேசுகிறாள். அவள் பேசப் பேச, அவர்கள் இருவருக்கும் கள்ள உறவு என்று ஒதெல்லோவின் காதில் இயாகோ நஞ்சைச் சொட்டுச் சொட்டாக விடுகிறான். ஒதெல்லோ தன் முதற்பரிசாக அவளுக்கு அளித்த கைக்குட்டை காசியோவின் கையில் இருப்பதே சான்றாகிறது. குற்றமற்ற மனைவியைக் கட்டிலிலேயே கொல்கிறான் கணவன். உண்மை வெளிப்படுகிறது. தன்னையே குத்திக்கொண்டு அவனும் மாள்கிறான்.

அழுக்காறும் ஐயமும்

இதைப் பொறாமையின் நாடகம் என்று சொல்வது வழக்கம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் இரண்டு நோய்களைத் தமிழ் வேறுபடுத்திக் காட்டுகிறது. பிறன் ஆக்கம் கண்டு வேகும் நோய் அழுக்காறு. தன் உரிமைப் பொருள் தன்னை விட்டுப் போய்விடுமோ என்று நடுங்கும் நோய் ஐயம். இயாகோவுக்கு இருப்பது அழுக்காறு. ஒதெல்லோவுக்கு வந்தது ஐயம். முன்னவனுடைய நோய் பின்னவனுக்கு எப்படித் தொற்றியது என்பதே நாடகத்தின் உயிர்.

வள்ளுவர் அழுக்காறாமை என்னும் அதிகாரத்தைப் பதினேழாவதாகவும், புறங்கூறாமையைப் பத்தொன்பதாவதாகவும் வைத்தார். இடையில் வெஃகாமை நிற்கிறது. பிறர் உயர்வைப் பொறாதவன், அதைத் தான் கவர விரும்புகிறான். கவர முடியாதபோது புறங்கூறத் தொடங்குகிறான். இயாகோ ஏறிய படிகள் இவை மூன்றும்தாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவன் ஏன் இவ்வளவு கொடுமை செய்தான்? பதவி கிடைக்கவில்லை என்கிறான். தன் மனைவி எமிலியாவுக்கும் ஒதெல்லோவுக்கும் தொடர்பு என்று வதந்தி என்கிறான். காசியோவின் அழகு தன்னை அழகற்றவனாக்குகிறது என்றும் சொல்கிறான். இத்தனை காரணங்களை ஒருவன் அடுக்கினால் எதுவும் உண்மைக் காரணமன்று என்பது பொருள். கோலரிட்ஜ் என்ற கவிஞர், காரணமில்லாத தீமை தனக்கொரு காரணத்தைத் தேடி அலைவதே இயாகோவின் பேச்சு என்ற கருத்தில் எழுதிவைத்தார். எனக்கோ அவன் அரக்கனாகத் தோன்றவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டப்பட்ட நாளில் எந்த அலுவலகத்திலும் அவனைக் காணலாம். சில நாட்களில் நம் முகம் பார்க்கும் கண்ணாடியிலும் காணலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நேர்மை, நேர்மையாளன் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் இந்நாடகத்தில் ஐம்பது தடவைக்கு மேல் வருகின்றன. அவற்றுள் பல இயாகோவைச் சுட்டியே வழங்குகின்றன! ஒதெல்லோ மட்டுமல்ல, காசியோவும் பிறரும் அவனை அப்படியே அழைக்கின்றனர். கயவன் கயவனாகவே தோன்றினால் யாரும் ஏமாறமாட்டார்கள். ‘எனக்கென்ன, உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்’ என்ற முகத்தோடு வருகிறவனிடமே நாம் கதவைத் திறக்கிறோம்.

அயலான் என்ற தனிமை

போர்க்களத்தில் அஞ்சாத வீரன் ஒரு சொல்லுக்கு ஏன் நடுங்கினான்? இதற்கு விடை தேடும்போதுதான் இந்நாடகம் நம்மைப் போன்ற குடியேறிய மக்களுக்கு மிக அண்மையில் வந்து நிற்கிறது.

வெனிஸ் குடியரசு தன் தரைப்படைக்கு அயல்நாட்டவரைத் தளபதியாக அமர்த்தும் வழக்கம் உடையது. ஒதெல்லோவின் வாள் அதற்கு வேண்டும். பிரபான்சியோ அவனைத் தன் வீட்டுக்கு அழைத்து விருந்தளிப்பான், கதை கேட்பான். ஆயினும் தன் மகள் அவனை மணந்தாள் என்றதும், மாயம் வைத்து மயக்கினான் என்று அவன்மீது வழக்கிடுகிறான். விருந்துக்கு ஏற்றவன், உறவுக்கு ஏற்றவன் அல்லன்! மகளை இழந்த அந்தத் தந்தை அவையை விட்டுப் போகும்போது, தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம் என்று எச்சரித்துப் போகிறான். அந்தச் சொல்லை இயாகோவும் அருகிலிருந்து கேட்கிறான், எடுத்து வைத்துக்கொள்கிறான், வேண்டிய நாளில் திருப்பிக் கொடுக்கிறான்.

சைப்ரஸில் அவன் ஒதெல்லோவிடம் கூறுவதன் சாரம் இது: எங்கள் ஊர்ப் பெண்களை நான் அறிவேன், நீர் அறியமாட்டீர், அவர்கள் கடவுளுக்குக் காட்டுவதைக் கணவனுக்குக் காட்டமாட்டார்கள். ஒதெல்லோவின் கவசம் பிளந்த இடம் இதுவே. ஊர் மொழி கற்றான், ஊர்ப் படையை நடத்தினான், ஊர்ப் பெண்ணை மணந்தான். ஆயினும் ‘உனக்கு இவ்வூர் தெரியாது’ என்று ஒருவன் சொன்னால் மறுக்கும் துணிவு அவனுக்கு இல்லை. என் நிறமா, என் வயதா, இனிய பேச்சு எனக்கு வராததா என்று தன்னைத்தானே குறைத்துக்கொள்ளத் தொடங்குகிறான். அவள் என்னை விரும்பியது இயல்பன்று என்று இயாகோ சொல்லும்போது, அதுவரை அவனை இழிவாக நினைத்தவர்களின் குரலையே தன் குரலாக ஏற்றுக்கொள்கிறான். தன்னைத் தாழ்வாக எண்ணுகிறவன், தன்னை ஒருவர் உண்மையாக நேசிப்பதை நம்பமாட்டான். ஐயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த வேரை நடித்துக் காட்டியவர்கள் சிலர். அமெரிக்காவில் பிறந்த ஐரா ஆல்டிரிஜ் என்ற கருநிற நடிகர் 1833இல் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாகத் தோன்றினார். பால் ராப்சன் 1930இல் லண்டனிலும் 1943இல் நியூயார்க்கிலும் நடித்தார்; நியூயார்க்கில் 296 முறை அது மேடையேறியது. நம் நாட்டிலும் இக்கதை வெவ்வேறு உடையணிந்தது. 1997இல் வந்த ‘களியாட்டம்’ என்ற மலையாளப் படம் ஒதெல்லோவைத் தெய்யம் ஆடுபவனாக்கியது. 2006இல் வந்த ‘ஓம்காரா’ என்ற இந்திப் படத்தில் கைக்குட்டைக்குப் பதிலாக ஒட்டியாணம் வந்தது. நிறம் இருந்த இடத்தில் சாதி வந்து அமர்ந்தது. ஐயம் மட்டும் மாறவில்லை.

கண்டதும் கேளாததும்

இனிக் கைக்குட்டைக்கு வருகிறேன். 1693இல் தாமஸ் ரைமர் என்ற திறனாய்வாளர், ஒரு துணித்துண்டுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா, பெண்கள் தங்கள் துணிமணிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் இந்நாடகத்தின் நீதியோ என்று ஏளனம் செய்தார். சிரிப்புக்குரியதே. ஆனால் துணி சிறியது என்பதில்தான் கொடுமை இருக்கிறது.

கணவனுக்குத் தலைவலி என்று அந்தக் கைக்குட்டையால் டெஸ்டிமோனா அவன் நெற்றியைக் கட்ட முயல்கிறாள். அவன் அதைத் தள்ள, அது கீழே விழுகிறது. அன்பினால் எடுத்த துணி அன்பின்மையால் விழுந்தது. இயாகோ நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் எமிலியா அதை எடுத்துக் கணவனிடம் கொடுக்கிறாள், எதற்கென்று அறியாள். அவன் அதைக் காசியோவின் அறையில் போட்டுவிடுகிறான். காசியோ, பியாங்கா என்பவளைக் குறித்து இயாகோவிடம் சிரித்துப் பேசுகிறான். மறைந்திருந்து பார்க்கும் ஒதெல்லோ, தன் மனைவியைக் குறித்தே சிரிக்கிறான் என்று கொள்கிறான். பேச்சு அவன் காதில் விழவில்லை; சிரிப்பு மட்டுமே கண்ணில் பட்டது. கண்ணால் கண்டேன் என்று அவன் சொல்லலாம். கண்டது உண்மை, கொண்ட பொருள் பொய்.

நம் சிலப்பதிகாரமும் ஒரு சான்றுப் பொருளின் கதையன்றோ? அங்கே சிலம்பு, இங்கே கைக்குட்டை. அங்கே பொற்கொல்லன், இங்கே இயாகோ. அங்கும் மன்னன், அரசியின் ஊடலால் மனம் கலங்கியிருந்த வேளையில், கோவலனை ஒரு வார்த்தை கேளாமல் ஆணையிட்டான். சிலம்பை உடைத்து உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்கச் சில நொடிகளே ஆயின. அந்தச் சில நொடிகள் கொலைக்கு முன் வாய்க்கவில்லை, பின்புதான் வாய்த்தன. ஒதெல்லோவும் அப்படியே. ‘காசியோவை அழைத்துக் கேளுங்கள்’ என்று டெஸ்டிமோனா மன்றாடுகிறாள். காசியோவைக் கொல்ல இயாகோவை ஏவிவிட்டு வந்திருக்கும் ஒதெல்லோ, அவன் வாய் இனித் திறவாது என்கிறான். கேட்கவேண்டிய ஒரே சாட்சியையும் கேளாமலே தீர்ப்பு எழுதிவிட்டான்.

அவன் மனைவியிடம் ஒன்றுமே கேட்கவில்லையா எனின், கேட்டான். ‘கைக்குட்டை எங்கே?’ என்று அதட்டினான். அவள் அஞ்சி, தொலையவில்லை என்று பொய் சொன்னாள். பெயர் சொல்லாமல் இழிசொற்களால் பழித்தான். எமிலியாவை விசாரித்து, அவள் சொன்ன உண்மையை நம்பாமல் விட்டான். இன்னாருடன் இன்ன பழி என்று வெளிப்படையாக மனைவியிடம் சொன்னது, அவளைக் கொல்ல வந்து நின்றபோதுதான். அதட்டுவது கேட்பதாகாது. அஞ்சி நிற்பவரிடமிருந்து உண்மை வெளிவருவது அரிது.

தமிழ் அகப்பாட்டில் ஊடல் உண்டு. தலைவி ஐயுறுவாள், சினப்பாள், கதவடைப்பாள். அதைத் தீர்க்கத் தோழியும் பாணனும் விருந்தினரும் வாயிலாக வருவார்கள். வாயில் என்பது வழி. பிணங்கிய இருவரிடையே பேச்சு போய்வருவதற்கான திறப்பு. நம் முன்னோர் ஐயமே வராத இல்வாழ்க்கையைப் பாடவில்லை; ஐயம் வந்தால் அது பேச்சாக மாறி, உவகையாக முடியும் வழியைப் பாடினார்கள். குறள் நூலின் இறுதி அதிகாரத்தின் பெயரே ஊடலுவகை. இயாகோ வாயிலாக வந்து, வாயிலை அடைத்தவன்.

‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர், ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனிடம் பின்னர் ஐயம் கொள்வதும் ஓயாத துன்பம் என்ற கருத்தைச் சொல்கிறார். இரண்டில் ஒன்றைச் செய்தாலே கேடு. ஒதெல்லோ ஒரே பிற்பகலில் இரண்டையும் செய்தான்: ஆராயாத இயாகோவை நம்பினான், தனக்காகத் தந்தையையும் துறந்தவளை ஐயுற்றான்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

இந்நாடகத்தில் என் நெஞ்சில் உயர்ந்து நிற்பவர் தளபதி அல்லர், எமிலியாவே. கைக்குட்டையைக் கொடுத்தது அவள் பிழை. அதற்காக ஒதெல்லோ தன் எதிரிலேயே மனைவியை அதட்டியபோது வாய் திறவாதது அதனினும் பெரிய பிழை. ஆயினும் உண்மை விளங்கிய கணத்தில் கணவன் வாளை உருவியபோதும் அவள் அடங்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள், சொன்னதற்கு உயிரைக் கொடுத்தாள். அவள் பேசிய பின் இயாகோ, இனி ஒரு சொல்லும் பேசேன் என்று வாயடைத்துக்கொள்கிறான். பேசியே கொன்றவன் ஊமையானான். ஊமையாயிருந்தவள் பேசி மாண்டாள்.

டெஸ்டிமோனா உயிர் பிரியும்போதும், இதைச் செய்தது யார் என்று கேட்கும் எமிலியாவிடம், யாருமில்லை, நானே என்கிறாள். இதைக் கற்பின் பெருமை என்று புகழ்வோர் உண்டு. நான் புகழமாட்டேன். ஒதெல்லோ தன்னை, அளவுக்கு மீறி அன்பு செலுத்தியவன் என்று முடிவில் சொல்லிக்கொள்கிறான். அதையும் நான் ஏற்கமாட்டேன். கை ஓங்கும் அன்பை அன்பென்று அழைக்கலாகாது. இக்காலத்தில் கைக்குட்டையின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. யார் அழைத்தார், ஏன் சிரித்தாய் என்ற கேள்விகள் பல வீடுகளில் அதட்டலாகவே எழுகின்றன. அண்டை வீட்டில் அப்படி ஒரு குரல் கேட்டால், நமக்கென்ன என்று நாம் சன்னலைச் சாத்திக்கொள்ளக் கூடாது. எமிலியா சற்று முன்னதாகப் பேசியிருந்தால் நாடகத்தில் ஓர் உயிராவது எஞ்சியிருக்கும்.

என் கைக்குட்டை

இறுதியாக, மேடையில் சொல்லத்தகாத ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். நான் 1974இல் இந்நகருக்கு வேலைக்கு வந்தேன். என்னுடன் ஒரே அறையில் தங்கி, ஒரே பானையில் சோறுண்ட நண்பர் ஒருவர் இருந்தார். சில ஆண்டுகள் கழித்து, எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராது போயிற்று. அலுவலகத்தில் நலம் விரும்பி ஒருவர், ‘உன் நண்பர்தான் மேலதிகாரியிடம் உன்னைக் குறித்துச் சொன்னார், அவர் உள்ளே போனதை நீயும் பார்த்தாயே’ என்றார். ஆம், பார்த்திருந்தேன். கையில் ஒரு தாளுடன் அதிகாரியின் அறைக்குள் போனதையும், சிரித்த முகத்தோடு வெளியே வந்ததையும் பார்த்திருந்தேன். அந்தத் தாளும் அந்தச் சிரிப்புமே என் கைக்குட்டையாயின.

அன்று முதல் பதினோராண்டுகள் அவரிடம் பேசவில்லை. இதே காலனியில் அடுத்தடுத்த வீடு, இதே சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரே வரிசையில் நின்று பொங்கல் வாங்கினோம், முகம் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் எங்களைக் கேளாமல் மதிலுக்கு மேலே கறிவேப்பிலையும் தோசை மாவும் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மதிலின் அறிவு எனக்கு இல்லாமற் போயிற்று.

அவர் ஓய்வு பெற்று ஊருக்குச் சென்ற பிறகு, பழைய கதை பேசும்போது என் மனைவி சொன்னாள்: ‘அந்த ஆண்டு அவர்கள் பெண்ணின் காதுகுத்துக்குப் பணமில்லாமல் திண்டாடினார்கள்; அலுவலகத்தில் முன்பணம் கேட்டு எழுதிக் கொடுத்து, அது கிடைத்துத்தானே நடந்தது!’ நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதே நாள். அதே தாள். அதே சிரிப்பு.

அன்றிரவே அவருக்கு எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நலம் விசாரித்துவிட்டு, ‘கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே’ என்று எழுதியிருந்தார். ஓர் ஏச்சும் இல்லை. ஏசியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நலம் விரும்பியை நான் இன்று குறை கூறுவதில்லை. அவர் ஒரு சொல்தான் சொன்னார். பதினோராண்டுகள் அதற்கு நீரூற்றி வளர்த்தவன் நான். இயாகோக்கள் இல்லாத ஊர் இல்லை. ஆனால் கேட்கத் துணிந்தவன் வீட்டில் அவர்களுக்கு வேலையில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு உறவினர் தொலைவில், அயலாரே உறவினர். நூறு குடும்பங்கள் கூடி வாழும் ஒரு காலனியில் ஒரு நட்பு முறிந்தால், அது ஊரில் முறிவதைவிடப் பன்மடங்கு இழப்பாகும். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எவரைக் குறித்தேனும் உங்கள் மனத்தில் ஒரு கைக்குட்டை கிடந்தால், இன்றிரவு விருந்தில் அவர் பக்கத்து இலையில் அமருங்கள்; மெல்லக் கேளுங்கள். ஒதெல்லோவுக்குக் கிடைக்காத நேரம் உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

சமையற்கட்டிலிருந்து சாம்பாரின் மணம் வருகிறது. இனிப் பேசினால் அது அறமாகாது.